மூத்த மாப்பிள்ளை சரக்கு

இல்ல தம்பி, பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா இந்த டிரைவர் போடுற பிரேக்குக்கு யாரு பொறுப்பு? உள்ள ரெண்டு பாட்டில் இருக்கு. மூக்கைச் சுளிக்காதீங்க, நான் காலையில இருந்து காப்பித்தண்ணி கூடக் குடிக்கல. ஒண்ணு சீல் உடைக்காதது. இன்னொண்ணு முக்கால் பாட்டில். ரெண்டும் எங்க மாமனாருக்கு.

நீங்க எங்க எறங்கணும்? பெரியகுளமா? நல்லதாப் போச்சு. நான் வத்தலக்குண்டு. ஒரு மணி நேரம் இருக்கு. இதை யார்கிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். வீட்டுல சொல்ல முடியாது. அவ அவங்க அப்பா பக்கம்தான் பேசுவா.

என் பேரா? என் பேரு எதுக்குத் தம்பி. வத்தலக்குண்டுல எறங்கி, சாராய ஆலை சவரிநாயகம் வீட்டு மூத்த மாப்பிள்ளைன்னு கேளுங்க. பஸ் ஸ்டாண்டுல பூக்காரம்மா கூட கை காட்டும். இருபத்திரண்டு வருஷம் தம்பி. பட்டாளத்துல இருந்தப்ப கல்யாணம். முதல் லீவுல வரும்போதே மாமனாருக்கு கேன்டீன் ரம் ரெண்டு பாட்டில் கொண்டாந்தேன். அன்னைக்கு ஆரம்பிச்சது. பனியில நின்னேன், பாலைவனத்துல நின்னேன், ஒரு கிறிஸ்மஸ் தப்பினதில்ல. நான் வர முடியாட்டியும் ஊருக்கு வர்ற ஆள் கையில குடுத்து விட்டுருவேன். ரிட்டையர் ஆகி வந்து இப்ப ஒரு நூல் மில்லுல செக்யூரிட்டி சூப்பர்வைசரா இருக்கேன். இப்பவும் கேன்டீன் கார்டு இருக்கு. வெயில்ல கியூவுல நின்னு வாங்கிக் குடுக்குறேன்.

அந்த வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்மஸ் பூசை முடிஞ்சு வந்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி, மாமா பீரோவைத் தொறந்து பாட்டிலை எடுப்பாரு. எவர்சில்வர் டம்ளரை வரிசையா வைப்பாரு. முதல் ஊத்து மூத்த மாப்பிள்ளைக்கு. அப்புறம்தான் அவரோட தம்பிக்கு, பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு, கடைசியா தனக்கு. "மாப்ள, ஒங்க சரக்கு. நீங்கதான் ஆரம்பிக்கணும்"பாரு. அத்தை ஈரல் வறுத்துக் கொண்டாந்து வைப்பாங்க. நான் ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வச்ச பிறகுதான் மத்தவங்க எடுப்பாங்க. பெரிய விஷயமான்னு கேப்பீங்க. பெரிய விஷயம்தான் தம்பி. ஒரு மனுஷனுக்கு ஒரு வீட்டுல ஒரு இடம் இருக்குன்னா அது அப்படித்தான் தெரியும்.

அந்த இடத்துக்குத்தான் ஒருத்தன் வந்தான். என் சகலை. மச்சினிச்சி செலினைக் கட்டினவன். பிரிட்டோ.

செலின் நர்சு. அயர்லாந்துல, கார்க்குன்னு ஒரு ஊரு, அங்க ஆஸ்பத்திரியில வேலை கெடச்சுச்சு. அவ போனா, பின்னாடியே இவனும் போனான். நம்மளை மாதிரி அரசாங்கம் கூப்பிட்டா போனான்? பொண்டாட்டி விசாவுல போனான். அங்க போயி இவன் என்ன வேலை பாக்குறான்னு நெனைக்கிறீங்க? விஸ்கி ஊற வைக்கிற கிடங்குல பீப்பா உருட்டுறான். வண்டி வச்சுத் தூக்கி அடுக்குறானாம். நான் தூக்காத மூட்டையா? நான் போயி யார்கிட்டயாவது சொன்னேனா?

மூணு வருஷத்துக்கு முந்தி, முதல் தடவை லீவுக்கு வந்தவன், ஒரு பாட்டிலைக் கொண்டாந்து மாமா கையில குடுத்தான். ஐரிஷ் விஸ்கியாம். அட்டைப்பெட்டியில வச்சிருந்துச்சு. பச்சைக் கண்ணாடி, மூடி கார்க்கு. தொறந்தா பொக்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே அத்தை அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாங்க. என் பாட்டிலுக்கு ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்ல.

இதுல வேடிக்கை என்னன்னா, அவன் குடிக்கவே மாட்டான். கிடங்குல நின்னாலே வாசனை போதுமாம். குடிக்காதவன் கொண்டாந்து குடிக்கிறவனுக்கு வெளக்கம் சொல்றான் தம்பி! இதெல்லாம் எங்க போய்ச் சொல்றது?

அன்னைக்கும் மாமா முதல் ஊத்து எனக்குத்தான் ஊத்த வந்தாரு. ஆனா கையில அவன் பாட்டில். "மாப்ள, இதை ஒரு வாய் பாருங்க"ன்னாரு. நான் டம்ளரைக் கவுத்து வச்சுட்டேன். "எனக்கு ரம்மு போதும் மாமா. இதெல்லாம் நமக்கு ஒத்துக்காது"ன்னேன். அவரு ஒரு நிமிஷம் பாத்துட்டு, என் ரம்மை எடுத்து எனக்கு ஊத்திட்டு, அவன் பாட்டில்ல இருந்து தனக்கு ஊத்திக்கிட்டாரு. மூணு கிறிஸ்மஸ் இப்படித்தான். இன்னைய தேதி வரைக்கும் அந்தச் சரக்குல ஒரு சொட்டு என் நாக்குல பட்டதில்ல. எல்லாரும் கேட்டுப் பாத்துட்டாங்க. நான் தொடல.

மாமா என்ன செஞ்சாரு தெரியுமா? ஒரு வாய் குடிச்சாரு. கண்ணை மூடினாரு. நான் இருபது வருஷமா ஊத்திக் குடுத்திருக்கேன், ஒரு தடவை கண்ணை மூடுனதில்ல தம்பி அந்த ஆளு.

நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எங்க மாமா சும்மா குடிகாரர் இல்ல. சர்க்கரை ஆலையில கரும்புப் பாகு கசடு மிஞ்சும்ல, மொலாசஸ், அதுல இருந்து ஸ்பிரிட் எறக்குற பிரிவுல முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தவரு. அதனாலதான் சாராய ஆலை சவரிநாயகம்னு பேரு. கையில ரெண்டு சொட்டு விட்டுத் தேச்சு மூக்குகிட்ட வச்சாருன்னா, எந்த நாள் எறக்குனதுன்னு சொல்லிருவாருன்னு ஊருல பேச்சு.

இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவன் வந்த பிறகுதான் தெரியும். அதான் எரிச்சல். அவன் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு நோண்டி நோண்டிக் கேப்பான். "மாமா, ஒங்க ஆலையில எத்தனை தடவை காய்ச்சி எறக்குவீங்க? மாமா, அந்தச் சூடு எப்படி இருக்கும்? மாமா, கையில என்ன தழும்பு?" இவரு உடனே சொல்ல ஆரம்பிச்சிருவாரு. நீராவிக் குழாய் வெடிச்சு எடது கை வெந்து போச்சாம், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாராம், கூட நின்ன ஆளு செத்தே போனானாம். சொல்லும்போது கண்ணு கலங்குது. அந்தத் தழும்பை நான் இருபது வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன் தம்பி. ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? மாமனார் ஒடம்பைப் பத்தி மாப்பிள்ளை கேக்குறது மரியாதையா? கேக்க மாட்டேன். இவன் வந்த மூணாம் நாளே கேட்டான். வளர்ப்பு அப்படி.

அவரு சொல்லி முடிச்சா இவன் ஆரம்பிப்பான். அந்த ஊருல மூணு தடவை காய்ச்சி எறக்குவாங்களாம், பெரிய பெரிய செப்புப் பானையில. பக்கத்து நாட்டு ஸ்காட்லாந்துக்காரன் பெரும்பாலும் ரெண்டோட நிறுத்திக்குவானாம். அங்க சில பேரு தானியத்தைக் காய வைக்கும்போது புகை போடுவாங்களாம், அந்தப் புகைவாசனை சரக்குல நிக்குமாம். அயர்லாந்துக்காரங்க அநேகமா புகை காட்டுறதில்லையாம். அதோட, முளைகட்டுன பார்லியும் முளைகட்டாத பார்லியும் கலந்து போடுவாங்களாம். ஏன்னா, ஒரு காலத்துல முளைகட்டுனதுக்கு வெள்ளைக்காரன் வரி போட்டானாம். வரிக்குப் பயந்து பச்சைத் தானியத்தைக் கலந்தாங்களாம், அந்த ருசி நல்லாருக்கவும் அப்படியே நின்னுபோச்சாம். மாமா தொடையைத் தட்டிச் சிரிக்கிறாரு. "வரிக்குத் தப்பப் போயி வரம் வாங்கிட்டான் பாரு!" அப்படிங்கிறாரு. அவங்க பழைய பாஷையில அந்தச் சரக்குக்குப் பேரே உயிர்த்தண்ணியாம். மாமா அதை ரெண்டு தடவை சொல்லிப் பாக்குறாரு, உயிர்த்தண்ணி, உயிர்த்தண்ணின்னு. நான் அங்கனயே ஒக்காந்திருக்கேன். மென்னு ஒதுக்கி வச்ச முருங்கைக்காய் மாதிரி.

இன்னொண்ணு கேளுங்க. பீப்பாயில கொறஞ்சது மூணு வருஷம் ஊற வைக்கணுமாம், சட்டமே இருக்காம். ஊறும்போது வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாப் போயிருமாம். அதை அங்க சம்மனசு பங்குன்னு சொல்லுவாங்களாம். எங்க வேதத்துல தேவதூதரை சம்மனசும்போம். மாமா கோயிலுக்குத் தவறாம போற ஆளு. அவருக்கு அது அம்புட்டுப் புடிச்சுப் போச்சு. "அப்ப சம்மனசுங்களும் போடுறாங்கங்கிற!" அன்னையில இருந்து டம்ளர்ல ஊத்தினதும் ஒரு சொட்டு தரையில விட்டு "சம்மனசு பங்கு"ம்பாரு. என் ரம்முல இருந்து எந்தச் சம்மனசுக்கும் எதுவும் விட்டதில்ல.

ஒரு நாள் வாத்தியாரு கேட்டாரு, "அப்படி என்னய்யா இருக்கு அந்தச் சரக்குல?" மாமா யோசிச்சு யோசிச்சுச் சொன்னாரு. "வாத்தியாரே, இது சண்டைக்கு வராத சரக்கு. வாசல்ல செருப்பைக் கழட்டி வச்சுட்டு, கால் கழுவிட்டு உள்ள வர்ற விருந்தாளி மாதிரி. மெதுவா வந்து ஒக்காரும். போன பிறகும் கொஞ்ச நேரம் வீட்டுல இருக்குற மாதிரியே இருக்கும். நம்ம ஊரு சரக்கு பூட்ஸோட உள்ள வந்துரும்." எல்லாரும் சிரிச்சாங்க. நான் பட்டாளத்துக்காரன். கல்யாணமான புதுசுல ஒரு தடவை ரயில்ல இருந்து எறங்குன வேகத்துல பூட்ஸோட நடுவீட்டுக்குப் போயிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரே ஒரு தடவை. அதை மனசுல வச்சுக்கிட்டுத்தானே சொல்றாரு? சரக்கைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா? நீங்களே சொல்லுங்க.

சரி. பொறாமைன்னே வச்சுக்கங்க. நான் மறைக்கல. அவன் வந்து நின்னாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்துச்சு. மாமா என்னைக் கூப்பிடுறது "மாப்ள, வாங்க, ஒக்காருங்க". அவனைக் கூப்பிடுறது "டேய் பிரிட்டோ, இங்க வா". மரியாதை எனக்குத்தான்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா அவரு "டேய் பிரிட்டோ"ன்னு கூப்பிடும்போது அந்தக் குரலைக் கேக்கணும் தம்பி. பெத்த பையனைக் கூப்பிடுற மாதிரி இருக்கும். அவருக்குப் பையன் இல்ல. ரெண்டும் பொண்ணு. நானும் அந்த வீட்டுக்குப் பையன் மாதிரிதான்னு எங்க அம்மாகிட்டயே சொல்லியிருக்கேன். ஆனா அந்தக் குரல்ல என்னை யாரும் கூப்பிட்டதில்ல.

இதுவரைக்கும் கூடப் பொறுத்துக்கிட்டேன். ஏன்னா ஒரு பாட்டில் ரம்மு, ஒரு பாட்டில் அவன் விஸ்கி, ரெண்டும் பீரோவுல இருக்கும், ரெண்டையும் குடிப்பாரு. போன ஆகஸ்டுல மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க. டாக்டர் குடிக்கவே கூடாதுன்னாரு. மாமா விடல. மல்லுக்கட்டி, கெஞ்சி, டாக்டரோட அப்பாவைத் தெரியும்னு சொல்லி, வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை மட்டும், முப்பது மில்லின்னு அனுமதி வாங்கிட்டாரு. டானிக் மூடியில அளந்துதான் ஊத்தணும். அத்தை பக்கத்துல நின்னு பாப்பாங்க.

இப்பப் புரியுதா தம்பி? வாரத்துக்கு ஒரே ஒரு மூடி. எந்தப் பாட்டில்ல இருந்து?

ரம்மு காட்டமா இருக்கும்னு போன டிசம்பர்ல நான் கேன்டீன்லயே கெடைக்குற நல்ல விஸ்கியா ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். பிரிட்டோவும் குடும்பத்தோட வந்திருந்தான், வழக்கம்போல பச்சைப் பாட்டில். கிறிஸ்மஸ் அன்னைக்கு எது தொறந்துச்சுன்னு நான் சொல்லணுமா? பொக்குன்னு சத்தம். கிறிஸ்மஸ் சலுகையா மாமாவுக்கு ஒரு மூடி, அப்புறம் அவரு தம்பிக்கு, வாத்தியாருக்கு. நான் டம்ளரைக் கவுத்துட்டேன். என் பாட்டில் சீல் ஒடையாம பீரோவுக்குள்ள நிக்குது, ஸ்கூல் பீஸ் கட்டாத பையன் வெளியில நிக்குற மாதிரி.

மறுநாள் இல்ல, அதுக்கும் மறுநாள், எல்லாரும் புது வருஷத்துக்குத் துணி எடுக்கத் திண்டுக்கல் கெளம்புனாங்க. நான் தலைவலின்னு படுத்துக்கிட்டேன். பஸ் போற சத்தம் கேட்டதும் எந்திரிச்சேன். பீரோ சாவி மாதா படத்துக்குப் பின்னாடி இருக்கும். மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுத்தான் எடுத்தேன்.

என்ன செஞ்சேன்னு ஊகிச்சிருப்பீங்க. மாத்திட்டேன். அவன் சரக்கை அத்தையோட பால் தூக்குல ஊத்தினேன். என் சரக்கைப் பச்சைப் பாட்டில்ல அதே அளவுக்கு ஊத்தினேன். பால் தூக்குல இருந்ததை என் பாட்டில்ல ஊத்தினேன். என் சரக்குல மிஞ்சுனது கொஞ்சத்தை வாழைமரத்துக்கு ஊத்தினேன். சீல் ஒடஞ்சதைக் கேட்டா, தலைவலிக்கு நான்தான் தொறந்தேன்னு சொல்லிக்கலாம். என் கணக்கு என்னன்னா, சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் மாமாவை ரெண்டையும் ருசி பாக்கச் சொல்லணும். அவரு என் பாட்டில்ல இருக்குறதைக் குடிச்சுட்டு, "மாப்ள, ஒங்க சரக்குதான்யா சரக்கு"ன்னு சொல்லணும். ஒரு தடவை. பிரிட்டோ காதுல விழுற மாதிரி. அது போதும் எனக்கு.

ஊத்தும்போது ஒரு வாசனை வந்துச்சு. அல்வாவுக்குக் கோதுமை ஊற வச்சா வருமே ஒரு வாசனை, அது மாதிரி, கொஞ்சம் தேனு சேந்தாப்புல. வெரல்ல தொட்டு நக்கிப் பாக்கலாமான்னு இருந்துச்சு. பாக்கல. அதுதான் நான்.

தப்பு எங்க பண்ணேன்னா, அந்தப் பால் தூக்கை ஒரு தடவைதான் கழுவினேன். மறுநாள் சனிக்கிழமை, காலையில காப்பி குடிச்சுட்டு அத்தை, "என்ன இது, காப்பியில ஏதோ வாசனை அடிக்குது"ன்னாங்க. செலின் மோந்து பாத்துட்டு ஒண்ணுமில்லம்மான்னுட்டா. மாமா ஒரு வாய் குடிச்சாரு. இன்னொரு வாய் குடிச்சாரு. டம்ளரோட அடி வரைக்கும் குடிச்சுட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னு சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. சும்மாத்தான் பாக்குறாருன்னு நெனைச்சேன்.

மத்தியானம் சபை கூடுச்சு. நானே ஆரம்பிச்சேன். "மாமா, இன்னைக்கு ரெண்டு பாட்டிலையும் ஒரு சொட்டுப் பாத்துட்டு, எது ஒசத்தின்னு சொல்லணும்"ன்னேன். பிரிட்டோ, "ஆமா மாமா, சொல்லுங்க"ன்னான், ஒண்ணும் தெரியாத அப்பாவி. மாமா பச்சைப் பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு உள்ளங்கையில விட்டுத் தேச்சாரு. மோந்தாரு. கையைத் துண்டுல தொடச்சாரு. என் பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு. தேச்சாரு. மோந்தாரு. கண்ணை மூடினாரு. எல்லையில ஷெல் விழுந்தப்ப கூட நான் இப்படிக் காத்துக்கிட்டு ஒக்காந்ததில்ல தம்பி.

கண்ணைத் தொறந்தாரு. "ரெண்டும் நல்ல சரக்குதான்"ன்னாரு. அம்புட்டுத்தான்! அப்புறம் பச்சைப் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டாரு. "எனக்கு இனிமே இது போதும்"ன்னு சொல்லி ஒரு மூடி அளந்து ஊத்திக்கிட்டாரு. என் பாட்டிலை எடுத்து என் கையிலயே குடுத்துட்டாரு. "மாப்ள, இதை நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க. தண்ணி கலக்காதீங்க. சின்னச் சின்ன வாயா, மெதுவாக் குடிங்க."

திருப்பிக் குடுத்துட்டாரு தம்பி. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா நான் குடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டாரு. பிரிட்டோ முன்னாடி.

அதை விடக் கொடுமை, அவரு குடிக்குறது என் சரக்கு! கேன்டீன் சரக்கு! அது அந்தப் பச்சைப் பாட்டில்ல இருக்குறதால "இது போதும்"ங்கிறாரு. அப்ப மூக்கு, தழும்பு, முப்பத்தோரு வருஷம் எல்லாம் என்ன? வெறும் லேபிளு. நான் என்ன கொண்டாந்தாலும் அவன் பாட்டில்தான் ஜெயிக்கும்னு ஆயிப்போச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் எம் பொண்டாட்டி ஜெசிந்தா போன் போட்டுக் கேப்பா, "அப்பா, இன்னைக்கு ஊத்தியாச்சா?" "ஆச்சும்மா, பச்சைப் பாட்டில்ல இருந்துதான்"பாரு. எனக்கு இங்க பத்திக்கிட்டு எரியும். என் சரக்கைப் பாத்து நானே பொறாமைப்பட்டேன் தம்பி. உலகத்துல எவனுக்காவது இப்படி நடந்திருக்குமா?

அந்தப் பாட்டிலைக் கொண்டாந்து பரண்ல போட்டுட்டேன். அவன் சரக்கு, நான் குடிக்கவா? உள்ள இருக்குறது ஒசத்திதான், தெரியும். தூக்கிக் கொட்டவும் மனசு வரல. நாலு மாசமா அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி கெடந்துச்சு.

செம்பட்டி வந்துருச்சா? இருங்க, இப்பத்தான் முக்கியமான எடம்.

இன்னைக்குக் காலையில பிரிட்டோ எனக்குப் போன் பண்ணான். அவன் எனக்குத் தனியாப் பண்ண மாட்டான். என்னடான்னு எடுத்தா, "அண்ணே, இங்க இருந்து ஒருத்தர் ஊருக்கு வர்றாரு, மாமாவுக்கு ஒரு பாட்டில் குடுத்து விடவான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு. ஒங்க சரக்குத் தீந்துபோச்சாம், நீங்க அடுத்து வரும்போது அதையே ஒண்ணு கொண்டாந்தாப் போதுமாம், அதுவே பழகிருச்சாம்"கிறான்.

நான், "என் சரக்கா? அவரு குடிச்சது ஒன் பாட்டில்தானப்பா"ன்னேன்.

அவன் மெதுவா, "அண்ணே... மாமா ஒங்ககிட்ட இன்னும் சொல்லலையா?"ன்னான். நான் ஒரு அதட்டுப் போட்டேன், பட்டாளத்து அதட்டு. சொல்லிட்டான்.

அந்தச் சனிக்கிழமையே அவருக்குத் தெரியும். காப்பியிலயே தெரிஞ்சு போச்சாம். கையில தேச்சப்ப உறுதியாயிருச்சாம். சாயங்காலம் பிரிட்டோவை மாதா கோயில் பக்கம் நடக்கக் கூட்டிட்டுப் போயிச் சொன்னாராம். அவன் ஒரு வார்த்தை விடாமச் சொன்னான், நானும் மூணு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். "டேய் பிரிட்டோ, நம்ம அமல்தாஸ் ரெண்டு பாட்டிலையும் மாத்தி வச்சிருக்கான்டா. ஏதோ கோவம். நீ எதுவும் காட்டிக்காத. பாவம், வெயில்ல நின்னு நின்னு எனக்கு வாங்கிக் குடுத்திருக்கான், அவன் நல்லதா ஒண்ணு குடிச்சு நான் பாத்ததில்ல. ஊத்தினாலும் டம்ளரைக் கவுத்துருவான். இதுதான் சாக்கு. நல்லதை அவன் கொண்டு போயிக் குடிக்கட்டும். அவன் கொண்டாந்ததை நான் குடிச்சுக்கிறேன்."

என்ன தம்பி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? சிரிக்கிறதுன்னா சிரிங்க.

நாலு மாசம். வாரம் ஒரு மூடி. அந்த மாதிரி மூக்கை வச்சுக்கிட்டு, அல்வா வாசனை சரக்கை என் கையில குடுத்துட்டு, பூட்ஸ் போட்ட சரக்கைக் குடிச்சிருக்காரு மனுஷன். நான் அதைப் பரண்ல போட்டு வச்சிருக்கேன்.

ஜெசிந்தா, "எங்கங்க கெளம்பிட்டீங்க, சாப்பிடாம?"ன்னா. கேன்டீன்ல போய் ஒண்ணு வாங்கினேன், பரண்ல இருந்து அதை எறக்கினேன், பஸ் ஏறிட்டேன். சண்டை போடத்தான் போறேன். நேரா நின்னு கேக்கப் போறேன், இதை ஏன் என்கிட்ட சொல்லலன்னு. கோயில் பக்கம் நடக்க என்னைக் கூட்டிட்டுப் போனா நான் வர மாட்டேனா? அன்னைக்குச் சாயங்காலமும் நான் அங்கதானே இருந்தேன், மறுபடியும் தலைவலின்னு படுத்துக்கிட்டு? அவனைக் கூட்டிட்டுப் போனீங்களே, அவனை!

கேட்டா என்ன சொல்லுவாருன்னும் தெரியும். "வாங்க மாப்ள, ஒக்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா?"ம்பாரு. நான் ஒக்காந்துருவேன். அப்புறம் எங்க கேக்குறது?

இன்னைக்குச் சனிக்கிழமை. வந்துருச்சு, இதுதான் வத்தலக்குண்டு. கொஞ்சம் காலை மடக்குங்க தம்பி, பை இடிச்சுரும்.

ஆமா, அதான் என் பேரு. அமல்தாஸ். இருபத்திரண்டு வருஷமா அவரு வாயில இருந்து வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன், தெரியுமா? நான் காத்துக்கிட்டு இருந்ததே இன்னைக்குக் காலையிலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. நம்ம அமல்தாஸ்னு சொல்லியிருக்காரு தம்பி. அதையும் அவன்கிட்டதான் சொல்லியிருக்காரு.